வலை தூக்க ஆளில்லை

கோபத்தில் போன நண்பனுக்கு,

உன்னை எடுத்த பாரிஸ் புறநகர்ப் பொண்டிக் கழகம், நம் பல்கலைக்கழகக் கரப்பந்து அணிக்குப் பயிற்சி தரும் மாஸ்டரையும் கூப்பிட்டது. காசுள்ளவர்கள் சந்தையில் மீன் எடுப்பதுபோல மனிதர்களை எடுக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் போகவில்லை. லா ஷப்பல் கடைத்தெருவில் தேநீர் குடிக்கும்போது, ஏன் என்று கேட்டேன்.

"அங்கை எல்லாரும் நேரத்துக்கு வருவினமாம். நான் ஆரை ஏசுறது?"

பிந்தி வருபவன்தான் வலை தூக்க வேண்டும் என்பது அவர் சட்டம். நீ இருந்தவரை வலை உன் தோளில்தான். இப்போது அவரே தூக்குகிறார்.

"வேறை ஆரிட்டையும் குடுங்கோவன் மாஸ்டர்."

"அது அவன்ரை வேலை. வரும்வரைக்கும் நான் பாக்கிறன்."

நேற்றும் நம் அணியினர் தோற்றார்கள். ஆனாலும் மனம் நிறையக் கைதட்டிவிட்டு வந்தேன்.

ஞாயிறு பத்து மணிக்குப் பயிற்சி. நீ பத்தரைக்கு வா.

இப்படிக்கு,
மைதானத்து வாங்கில் உனக்கும் இடம் பிடித்து வைக்கும் ரசிகன்