ஃப்ளோரிடால்மாவிடம் நீ சொல்ல வேண்டியது

குவெத்சால்தெனாங்கோ,
குவாத்தமாலா.
2019 ஜனவரி 3.

கிர்ஸ்டனுக்கு,

இன்று எனக்கு எழுபத்தெட்டு வயதும் மூன்று மாதமும் நிறைகின்றன. இந்த வயதில் கோபத்தை ஒத்திவைக்க முடியாது; ஆகவே நலம் விசாரிப்பைச் சுருக்கிக்கொள்கிறேன். நான் நலம். நீயும் நலமென்று உன் மின்னஞ்சலில் இருந்த படங்கள் சொல்கின்றன.

நற்சான்று கேட்டிருக்கிறாய். என் வீட்டில் ஐந்து மாதம் தங்கி ஸ்பானிஷில் மூழ்கியதாகவும், சந்தைக்காரர்களின் பிள்ளைகளுக்கு மாலைப் பள்ளியில் தொண்டாகப் பாடம் சொல்லிக்கொடுத்ததாகவும் நான் எழுதித் தந்தால், மின்னசோட்டாவில் ஒரு மருத்துவமனை உன்னை மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துக்கொள்ளும் என்கிறாய். உன் ஸ்பானிஷில் குறையொன்றும் இல்லை. முதல் வாரம் சூப்புக்கு உப்புக் கேட்கத் தெரியாமல் அழுதவள், புறப்படும்போது எங்கள் நகராட்சியைப் பற்றி என்னோடு வாதாடினாய். ஆனால் என்னைக் 'குவாத்தமாலா அம்மா' என்று அழைப்பதை நிறுத்திக்கொள். உனக்குப் பின் அந்த அறைக்கு வந்த டச்சுக்காரனும் அப்படித்தான் அழைத்தான். நான் அறையை வாடகைக்கு விடுகிறவள்; அவ்வளவே.

இனி ஃப்ளோரிடால்மா. நீ அனுப்பிய படங்களில் உன் தோளைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறாளே, சோளக்கஞ்சி விற்கும் எவுலோகியாவின் மகள், அவள்தான். அக்டோபரில் ஆறாம் வகுப்பை முதலிடத்தில் முடித்தாள். கன்னியர் மடம் நடத்தும் விடுதிப் பள்ளி அவளுக்கு உணவும் படுக்கையும் கொடுத்து, ஆசிரியையாகும்வரை இலவசமாகப் படிக்கவைக்க முன்வந்தது. அவள் மறுத்துவிட்டாள். மடத்துத் தலைவி என்னிடம் வந்து புலம்பினார்: "டோஞா சோய்லா, அந்தப் பொண்ணு என்ன சொல்லுது தெரியுமா? 'மன்னிச்சுக்கோங்க மதர், கிர்ஸ்டன் டீச்சர் என்னைக் கூட்டிட்டுப் போறாங்க, நான் அங்கதான் படிக்கப்போறேன்'னு சொல்லுது!"

அந்த இடத்தை ஜனவரி பதினைந்துவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவளுக்குக் காத்திருப்பது தலைநகரில் வீட்டுவேலை. அதற்கு ஒரு வீட்டைக்கூட அவளுடைய அத்தை பார்த்துவைத்துவிட்டாள்.

உன் பிரிவு விருந்தில் நானும் இருந்தேன். கேக்கை வெட்டிவிட்டு, எல்லார் முன்னிலையிலும் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "டிசம்பர்ல வந்து உன்னை என்னோட கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்லயே இருந்து படி." பிழையற்ற ஸ்பானிஷ். எவுலோகியா அழுதாள். மறுநாளே கம்பளி நூல் வாங்கி, மகளுக்குத் தடித்த சட்டையொன்று பின்னத் தொடங்கினாள்.

இப்போது சந்தையில் எதிர்க்கடைக்காரிக்கு அதுதான் பொழுதுபோக்கு. "என்ன ஃப்ளோரி, இன்னும் இங்கயேதான் நிக்கிறியா? ஏரோப்ளேனு பஞ்சராயிடுச்சா?" என்கிறாள். "அங்க பனி கொட்டுதுக்கா. நின்னதும் வந்துடுவாங்க" என்று இவள் பதில் சொல்கிறாள். கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

நீ வரமாட்டாய் என்று நானே அவளிடம் சொன்னேன். "நீங்க யாரைத்தான் நம்புனீங்க, டோஞா?" என்றாள். இதுவரை உன்னிடமிருந்து ஒரு வரியாவது வந்ததா என்று கேட்டேன். "டீச்சருக்கு வேலை ஜாஸ்தி" என்றாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். உன் குரலைப் பதிவு செய்து என் தொலைபேசிக்கு அனுப்பு. ஸ்பானிஷில் பேசு. நீ வரப்போவதில்லை என்றும், கன்னியர் பள்ளியில் அவள் சேர வேண்டும் என்றும் தெளிவாகச் சொல். காரணம் பொய்யாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. விசா கிடைக்கவில்லை என்று சொல். எங்கள் ஊரில் அதை நம்பாதவர் கிடையாது.

பதினான்காம் தேதிக்குள் உன் குரல் வராவிட்டால், விருந்து முடிந்த அன்று மாலை என் முற்றத்தில் நீ தொலைபேசியில் உன் தாயாரிடம் சொன்னதை அவளிடம் அப்படியே சொல்லிவிடுவேன். அவள் பள்ளிக்குப் போவாள். ஆனால் அந்தச் சொற்களையும் சுமந்துகொண்டு போவாள். அந்தச் சுமை அவளுக்கு வேண்டாமென்றுதான் இதுவரை வாய் திறக்கவில்லை.

நினைவிருக்கிறதா? நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். நீ எனக்குக் கையசைத்துவிட்டு, வழக்கம்போல் உரக்க, உன் மொழியில் பேசினாய். சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இல்லம்மா, அவளை எங்க கூட்டிட்டு வர்றது? சும்மா சொன்னேன். ஸ்பானிஷ்ல பேசும்போது நாடகத்துல நடிக்கிற மாதிரி இருக்கு, நான் பேசுற மாதிரியே இல்ல. அதெல்லாம் கணக்குல வராது."

ஃப்ளோரிடால்மாவுக்கும் ஸ்பானிஷ் தாய்மொழி அல்ல, கிர்ஸ்டன். அவள் வீட்டில் பேசுவது கிச்சே. ஸ்பானிஷை அவளும் உன்னைப்போல் பாடம் படித்துத்தான் கற்றாள். அதில் சொன்னதை அவள் நம்பினாள். நாளை மருத்துவமனையில் ஒரு தாய்க்கு அவள் குழந்தையின் நோயை இதே மொழியில் நீ சொல்லப்போகிறாய். அவளும் நம்புவாள். உன் குரல் வந்தபின் நற்சான்றைப் பற்றி யோசிக்கிறேன்.

ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாத வீடுகளுக்கு மட்டுமே நீ ஸ்பானிஷ் படித்த மொழிப்பள்ளி தன் மாணவர்களை அனுப்புகிறது. எனக்குத் தெரியாது என்றுதான் நானும் சொல்லிவைத்தேன். இந்தக் கடிதத்தை அவர்களிடம் நீ காட்டினால் என் அறைகள் காலியாகும். தாராளமாகக் காட்டு. முதலில் அந்தப் பெண்ணிடம் பேசு.

எந்த மொழியில் வாய் திறந்தாலும் பேசுவது நீதான் என்ற அறிவை இறைவன் உனக்குத் தரட்டும்.

இப்படிக்கு,
சோய்லா அர்கெத்தா,
முப்பது ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்றவள்.