அபேனா அக்கா வரைந்த என் படம்

சனிக்கிழமை, இரவு

அம்மா தூங்கிவிட்டாள். அபேனா அக்கா கானாவிலிருந்து இங்கே ஓவியம் படிக்க வந்தவள். நாளை கரமனையில் எங்கள் தெரு மண்டபத்தில் அவள் ஓவியங்களை வைக்க, மண்டபச் சாவியை வைத்திருக்கும் அப்பாவிடம் கெஞ்சி அனுமதி வாங்கியது நான்தான். ஒரு படத்தில் நான் இருக்கிறேன், என் நிறத்திலேயே.

சாயங்காலம் படங்களை மாட்டி முடித்ததும் அம்மாவும் எதிர்வீட்டு மாமியும் பார்க்க வந்தார்கள்.

"கரண்ட் போனா இவளைத் தேடணும், கேட்டியா" என்று மாமி சிரித்தாள்.

அம்மா என்னிடம் திரும்பினாள். "ஏண்டீ, ஊரெல்லாம் பாக்கப்போறது. இதுக்கு நீயா போய் ஒக்காந்தே?"

"நான் இல்லம்மா. அது வேற யாரோ."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அக்கா முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். படத்தைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

அதை மறுபடி மாட்டச் சொன்னால் அம்மா அப்பாவிடம் சொல்லிவிடுவாள், அப்பா மண்டபத்தையே பூட்டிவிடுவார். மற்றப் படங்களும் போய்விடும்.

நாளை வருகிறவர்களுக்கு ஒவ்வொரு படத்தையும் நான்தான் விளக்க வேண்டும். அக்கா பக்கத்தில் நிற்பாள். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டமாட்டாள். அதுதான் பயமாக இருக்கிறது.