தேவாவுக்கு அடுத்து யார்?

நவம்பர் 4, திங்கள்

காலை பாசஞ்சர் ரயிலில் ஏறும்போதே தெரியும், இன்று காது கிழியப்போகிறது என்று. நேற்று மறுபடியும் தோற்றோம். மாலூர்காரர்கள் மூன்று கோல் போட்டார்கள், நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. எங்கள் பெட்டியில் தினமும் வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் ஃபுட்பால் டீம் ஃப்ரெண்ட்ஸ் கிளப்பின் ஆட்கள். பங்காரப்பேட்டை வருவதற்குள் சுனில் எழுந்து நின்றுவிட்டான். மெட்ரோவில் மெக்கானிக், ஆனால் பேச்சைக் கேட்டால் உலகக் கோப்பைக்கே ஆள் எடுக்கிறவன் என்று நினைக்கத் தோன்றும்.

"இன்னாத்துக்குப்பா சுத்தி வளச்சிக்கினு? கோச்ச மாத்தணும். அவ்ளோதான்."

சொன்ன பிறகுதான் எதிர் சீட்டில் நான் இருப்பது அவன் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். "யசோதாக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

நான் கோச் தேவாவின் பெண்டாட்டி. "நான் இன்னா தப்பா எடுத்துக்கறது? நேத்து டிஃபென்ஸ் ஆடுனத பாத்தா எங்க கடையிலிருந்து நாலு பேருக்கும் கண்ணாடி கொண்டாந்து மாட்டலாம்னு தோணுது" என்றேன். கன்டோன்மென்ட்டில் கண்ணாடிக் கடையில்தான் எனக்கு வேலை. பெட்டியே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரை நானே விட்டுக்கொடுத்துவிட்டேனோ?

நவம்பர் 5, செவ்வாய்

இவர் பி.பி. மாத்திரை போடவில்லை. சரியாகத் தூங்குவதும் இல்லை. கேட்டால், "ஸ்டாப்பர பத்தி யோசிச்சிக்கினு இருக்கேன்" என்கிறார். பின்னால் நடுவில் நின்று தடுக்கிற ஒரு ஆளைப் பற்றி யோசித்தே இந்த மனிதருக்கு பி.பி. ஏறப்போகிறது.

நவம்பர் 10, ஞாயிறு

தோல்வி. கடைசி இடம். இதே இடத்தில் முடித்தால் மாவட்ட லீக்கிலிருந்து கிளப் வெளியே போய்விடும்.

எழுதவே கோபமாக வருகிறது. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. தங்கச் சுரங்கம் ஓடிய காலத்திலிருந்து வருவது. பின்னால் நிற்கிற நாலு பேரும், லைனுக்கு ஒருத்தராக, சுரங்கக்காரர்களின் நாலு லைன் குடியிருப்புப் பையன்களாக இருக்கவேண்டும் - ஸ்கெலட்டன், நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம். எந்த லைன்காரரும் மனசு நோகக்கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் ஆரம்பித்தது. யோசனை நல்லதுதான். ஆனால் இந்த வருடம் அந்த நாலு பேரில் மூன்று பேருக்குப் பந்தை உதைக்க இடதுகால் மட்டும்தான் வரும். நடுவில் நிற்கிற நந்திதுர்க் திலீப்புக்கு, பந்து வலது பக்கம் வந்தால் உடம்பையே திருப்பவேண்டியிருக்கிறது. அவன் திரும்புவதற்குள் கோல் விழுந்துவிடுகிறது. தங்கமான பையன். கோல் விழுந்ததும் எங்களைப் பார்த்துக் கும்பிடுகிறான், பாவம்.

இது எனக்கே தெரிகிறது. அவருக்குத் தெரியாதா? ஏன் மாற்றமாட்டேன் என்கிறார்?

நவம்பர் 13, புதன்

ரயிலில் முழு பஞ்சாயத்து. வின்னி போனைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற பெண். எங்கள் கிளப் வாங்கிய ஒவ்வொரு கோலும் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று குறித்து வைத்திருக்கிறாள். எல்லாம் வலது பக்கம்.

"ஸ்டாப்பர் ஒருத்தர், ரைட் பேக் ஒருத்தர். ரெண்டு பேரும் வெளிய இருந்து எடுக்கணும். லைன் கீன்லாம் பார்த்தா கஷ்டம் ஆன்ட்டி."

"வெளிய இருந்துன்னா? பெங்களூர்ல இருந்தா?" என்றான் சுனில். "அவனுங்க வந்து நம்ம கிரவுண்டு மண்ணப் பாத்தாலே ஓடிடுவானுங்க. மொதல்ல கோச்சு. நான் சொல்றேன், பங்காரப்பேட்டை முனியப்பன்."

முனியப்பன் எங்களுக்கு எதிராக ஆடினவர். எங்கள் வலையில் அவர் போட்ட கோல்களை இன்னும் யாரும் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

"அந்த ஆளா? நம்ம கிளப்புக்கா?" என்று பின் சீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். மாலூர் வரைக்கும் சண்டை. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் டிபன் டப்பாவைத் திறந்து, பசியே இல்லாமல் ஒரு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டேன்.

முனியப்பன் வந்தால் கிளப் பிழைக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. சுரங்கக் கம்பெனியை மூடிய வருடம் இவர் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். பேச்சு இல்லை, சாப்பாடு சரியில்லை. கிளப் செக்ரட்டரி மனோகரண்ணன் வீட்டுக்கு வந்து, "பசங்க காத்துக்கினு இருக்கறாங்க, வாடா" என்று இழுத்துப்போன பிறகுதான் மனிதரானார். பள்ளிக்கூட வேன் ஓட்டுவதெல்லாம் அதற்கப்புறம் வந்தது. கோச் வேலை போனால் மறுபடியும் அந்தச் சுவர்தானா?

கிளப் பிழைக்கவேண்டும். இவரும் பிழைக்கவேண்டும். ரெண்டும் ஒன்றாக நடக்குமா என்று தெரியவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கிளப் ரூமில் மீட்டிங். நானும் மெம்பர், போகாமல் இருக்கமுடியாது. யாருக்கும் கை தூக்கப்போவதில்லை, மடியிலேயே வைத்துக்கொள்வது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டுதான் போனேன்.

மனோகரண்ணன் கஷ்டப்பட்டு ஆரம்பித்தார். "தேவாவே இருக்கட்டும்னு நெனைக்கறவங்க கை தூக்குங்கப்பா." கொஞ்சம் கைகள். என் கை மடியில். இவர் என் பக்கம் பார்க்கவில்லை. கதவோரம் நின்று, நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான் அழுத்திக்கொள்கிறார். சாப்பிடும்போது, வேனைத் துடைக்கும்போது, டிவி பார்க்கும்போது. அந்தக் கிளப் இந்த மனிதரைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"மாத்தலாம்னு நெனைக்கறவங்க?"

என் கை போய்விட்டது. மேலே. எல்லாருக்கும் முன்னால்.

சுனில்கூட தன் கையைப் பாதியில் நிறுத்திவிட்டான். மனோகரண்ணன் எண்ண ஆரம்பித்தார். இவர் என் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எண்ண வேணாண்ணா. முனியப்பன கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நான் என்ன செய்துவிட்டேன்?

நவம்பர் 18, திங்கள்

"உப்பு." காலையிலிருந்து அவர் என்னிடம் பேசிய வார்த்தை அது ஒன்றுதான்.

நவம்பர் 22, வெள்ளி

வேன் ஓட்டிவிட்டு வருகிறார், படுக்கிறார். சுவர்ப்பக்கம். நான் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் முதுகுதான் தெரிகிறது.

ரயிலில் வின்னி, "செம தைரியம் ஆன்ட்டி உங்களுக்கு" என்றாள். எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ! "தைரியமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வாய மூடிக்கினு உக்காரு" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போனது. பிறகு கே.ஆர். புரத்தில் கடலை வாங்கி அவளுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். நல்ல பெண்.

நான் நல்லதுக்குத்தான் செய்தேன். அதை எப்படிச் சொல்வது? முதுகைப் பார்த்து எதைத்தான் சொல்லமுடியும்?

நவம்பர் 24, ஞாயிறு

இன்று முனியப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு சீப்பு ஏலக்கி வாழைப்பழம். உள்ரூமிலிருந்து இவர் கையை ஆட்டினார் - இல்லை என்று சொல்லு. வேனை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிட்டு இல்லையாம்!

"வெளிய போயிருக்காருங்க" என்றேன். முனியப்பன் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். டீ போட்டுக் கொடுத்தேன். புருவத்தில் ஒரு தழும்பு. அதைத் தொட்டுக் காட்டினார்.

"இது உங்க வீட்டுக்காரரு போட்டதும்மா. கார்னர் பால், ரெண்டு பேரும் ஒண்ணா எகிறினோம். அவரு மண்டை இருக்கே, அப்பா! அவர மாதிரி ஸ்டாப்பர தாண்டி நான் போனதே இல்ல. சைட்ல சுத்திதான் போவேன்."

உள்ரூமில் கட்டில் கிறீச்சிட்டது. முனியப்பன் குரலை உயர்த்தாமலே பேசினார்.

"எங்க ஊரு ராஜ்குமார கூட்டிக்கினு வரேன். தபாலாபீசுல வேல, நல்ல வலதுகாலு. அவன எங்க போடறது, திலீப்ப எங்க போடறதுன்னு கேக்கத்தான் வந்தேன். தேவா சார் இல்ல. பரவால்ல. நீங்க சொல்லுங்கம்மா."

"எனக்கு இன்னா தெரியும்? அவரத்தான் கேக்கணும்."

"அப்ப திலீப்ப பெஞ்சில உக்கார வெச்சிடறேன். ராஜ்குமாருக்குப் பக்கத்துல ஸ்கெலட்டன் பையன்..."

"யோவ்!" - உள்ளேயிருந்து. கதவு திறக்கவில்லை, குரல் மட்டும் வந்தது. "திலீப்ப பெஞ்சில வெக்காத! அவன லெஃப்ட் பேக்ல போடு! நடுவுலதான் அவன் மாட்டிக்கறான். ஓரமா உட்டா ஒருத்தன் தாண்ட முடியாது!"

முனியப்பன் டீயைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தார். "ஆய்த்து தேவா சார். அப்படியே பண்றேன்" என்று மூடிய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, என்னிடம் தலையாட்டிவிட்டுப் போனார்.

சிரிப்பை அடக்க நான் அடுப்படிக்கு ஓடவேண்டியதாயிற்று. அங்கே போனதும் அழுகை வந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாட்டின்போது கேட்டேவிட்டேன். "திலீப்ப லெஃப்ட்ல போடணும்னு தெரிஞ்சிருந்தும் ஏங்க இத்தினி நாளா நடுவுல போட்டீங்க?"

பதில் வராது என்று நினைத்தேன். வந்தது.

"லெஃப்ட் பேக்கு சாம்பியன் ரீஃப் பையன். அவன எடுத்தாத்தான் திலீப்ப அங்க போட முடியும். எடுத்துட்டு அந்த லைன்ல எந்த மூஞ்ச வெச்சிக்கினு நடக்கறது? கம்பெனி மூடுனப்போ அவங்க அப்பாதான வேனுக்கு ஏற்பாடு பண்ணாரு. அந்தப் பையன கூப்ட்டு உக்காருடான்னு என்னால சொல்ல முடியல யசோ."

யசோ. எத்தனை நாள் கழித்து!

இவருக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை. லைனில் எல்லார் வீட்டிலும் டீ குடித்தவர், எல்லார் முகமும் இவருக்கு முக்கியம். முனியப்பனுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, பங்காரப்பேட்டைக்கு ரயில் ஏறினால் தீர்ந்தது. தெரிந்ததைச் செய்யமுடியாமல்தான் இந்த மனிதர் தூங்காமல் கிடந்திருக்கிறார். நான் அவரை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு ரயிலில் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன்.

"இன்னொரு தோசை வெக்கட்டுமா?" என்றேன். வேறு என்ன சொல்ல?

டிசம்பர் 1, ஞாயிறு

ஜெயித்தோம்! ராஜ்குமார் நடுவில், திலீப் இடது ஓரம். சாம்பியன் ரீஃப் லைனில் முணுமுணுப்பு உண்டு. ஆனால் உட்காரவைத்த பையனின் அப்பாவே வந்து மேட்ச் பார்த்தார்.

இவர் வரவில்லை. ஓடிவந்து ஸ்கோர் சொன்னேன். "ம்" என்றார். மாத்திரை மட்டும் போட்டிருந்தார்.

டிசம்பர் 8, ஞாயிறு

கடைசி மேட்ச். தோற்காமல் இருந்தால் லீக்கில் தங்குவோம். காலையிலேயே கேட்டேன். "நான் வரல. நீ போய்ட்டு வா" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. தனியாகப் போய் வழக்கமாக உட்கார்கிற சிமெண்டுப் படியில் உட்கார்ந்தேன். சுரங்கக் கழிவுமண் குவிந்த சயனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்று, கண்ணெல்லாம் மண்.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். என் பக்கத்தில் இருந்தவர்கள் திடீரென்று நகர்ந்தார்கள். நிமிர்ந்து பார்த்தேன். இவர் நிற்கிறார். எண்ணெய் வைத்து வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

அப்போதுதான் உறைத்தது. கல்யாணமானதிலிருந்து இந்த கிரவுண்டுக்கு வருகிறேன். இவர் ஆடும்போது உள்ளே இருப்பார், நான் படியில். கோச் ஆன பிறகு கோட்டோரம் நிற்பார், நான் படியில். நாங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் பார்த்ததே இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

இவருக்குச் சும்மா பார்க்கத் தெரியவில்லை. ராஜ்குமார் பந்தை உதைத்தால் இவர் காலும் உதைக்கிறது, என் கணுக்காலில். மூன்று தடவை வாங்கினேன். நாலாவது தடவை தொடையில் ஒரு தட்டுத் தட்டினேன். "ஆடறவங்க அங்க இருக்கறாங்க. நீங்க கம்முனு பாருங்க."

சிரித்தார். சிரித்தார்!

பாதி ஆட்டத்தில் மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார்: "அன்னிக்கி நீ கை தூக்கலன்னா, இன்னும் அங்கதான் நின்னுக்கினு இருப்பேன். தலவலியோட."

"கோவமா?"

"இருந்துது. இப்பவும் ரவ இருக்குது."

"இருக்கட்டும்" என்றேன். இருக்கட்டும், கொஞ்சூண்டு கோபம்தானே, அதோடு குடும்பம் நடத்த எனக்குத் தெரியும்.

கடைசி நிமிஷங்களில் அவர்களுக்கு வரிசையாக கார்னர். திலீப் ஒன்றைத் தலையால் அடித்து வெளியே தள்ளினான். இவர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. ரெண்டு பேரும் பார்க்கவில்லை. கோல் எதுவும் இல்லாமல் டிரா. தங்கிவிட்டோம். சுனில் முனியப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான், எங்கள் வலையில் கோல் போட்ட அதே முனியப்பனை.

நடந்தே வீட்டுக்கு வந்தோம். அடுத்த வருடத்துக்கு ரைட் பேக் வேண்டும் என்று நான் சொன்னேன். இருக்கிற பையனே போதும், இன்னும் ஒரு வருடம் விடு என்றார். அவனுக்கு ஓட்டமே இல்லை என்றேன். உனக்கு இன்னா தெரியும் என்றார். எனக்கா தெரியாது என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

மணிக்கட்டில் வளையல் கீறிய இடம் எரிகிறது, பேனா சரியாகப் பிடிக்க வரவில்லை. உள்ளேயிருந்து கூப்பிடுகிறார். ரைட் பேக்குக்கு இன்னொரு பெயர் தோன்றியதாம், சீக்கிரம் வரணுமாம்.