அரிசியை அச்சடிக்க ஏலாது

பினாங்கு, ஆனி 1945

அன்புள்ள பத்மாவதிக்கு,

சிரம்பானில் நீயும் மாமியும் சுகமாயிருக்க நல்லூரான் துணை. நான் சுகம்.

எங்கள் நிதிக் கந்தோரில் அரிசி விலை பற்றிக் கூட்டம் நடந்தது. இன்னும் நோட்டு அச்சடித்தால் சனம் வாங்கிக்கொள்ளும் என்றார் ஜப்பானிய அதிகாரி. நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். உன் அண்ணர் பரமநாதன் மட்டும் எழுந்து, "ஐயா, நோட்டை அச்சடிக்கலாம், அரிசியை அச்சடிக்க ஏலாது" என்றார். விசாரணை என்று அப்படியே கூட்டிப் போனார்கள். செருப்புப் போடவும் விடவில்லை. வந்துவிடுவார், நீ பயப்படாதே.

மாமியிடம் அண்ணருக்கு வேலை மாற்றல் என்று சொல்லு. அண்ணருடைய பழைய மூக்குக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பு, போட்டிருந்தது உடைந்துவிட்டது.

கடிதம் கொண்டுவரும் ரயில் கார்டு அப்புத்துரை அவசரப்படுத்துகிறார். நானும் அண்ணரும் இருந்த அறையில் மரவள்ளிக்கிழங்கை இப்பவும் இரண்டு பேருக்குத்தான் அவிக்கிறேன்.

உன்
கார்த்திகேசு