ஏழாம் நம்பர் தாள்

1-2-2025, சனி

மகளின் மகள் அனுப்பிரியா வேலைக்காகப் பெருமாட்டியில் என்னுடன் இருக்கிறாள். கஞ்சிக்கோட்டில் அவள் கம்பெனியில் துத்தநாக பேட்டரி செய்கிறார்கள். உள்ளே தண்ணீர்தான், தீப்பிடிக்காது. ஆனால் சார்ஜ் ஏற ஏறத் துத்தநாகத்தில் முள் முளைக்குமாம். நடுவில் ஒரு தாள் வேண்டும். தண்ணீரை விட வேண்டும், முள்ளை விடக்கூடாது. அந்தத் தாளைச் செய்வது என் பேத்தி. ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கே புரிகிறது என்றால் அவள் சொல்லும் அழகு அப்படி.

எட்டுத் தாள் வீட்டில் காய்கின்றன. திங்கட்கிழமை எட்டும் சோதனைக்குப் போக வேண்டும். “அம்மிச்சி, தொட்டுப்போடாதீங்க” என்றாள்.

தொடுவேனா?

2-2, ஞாயிறு

தொட்டுவிட்டேன்.

அடுத்த தோட்டத்து நஞ்சப்பன் வேலியோரம் நின்று, “ஏனுங்கக்கா, பேத்தி அப்பளம் போடறாளாமா?” என்றான். எரிச்சல் வராதா? ஏழாம் நம்பரை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய், தண்ணீரை விடும் முள்ளை விடாது என்று காட்டினேன். தண்ணீர் விட்டேன், இறங்கியது. “செரி, முள்ளு?” என்றான். வேலியில் ஒரு கருவேல முள்ளை ஒடித்து நானே குத்தினேன்.

பொத்தல்.

அவன் சிரித்த சிரிப்பில் தென்னையிலிருந்த காக்கா பறந்தது.

3-2, திங்கள்

ஏழுதான் இருக்கிறது, சோதனை நின்றுவிட்டது. பொத்தல் தாளை நான் சேலைக்கடியில் ஒளித்திருக்கிறேன். நேற்று சாப்பிட வந்த, கூட வேலை செய்யும் கோபிநாத் எடுத்துவிட்டான் என்கிறாள் அனு. போனில், “கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா கோபி?” அவன் வேலைக்கே ஆபத்தாம்.

சொன்னால் இனி என்னை நம்புவாளா?

4-2

பூனை மேல் போடலாமா என்று யோசித்தேன். வீட்டில் பூனை இல்லை.

5-2, புதன்

பஸ் ஏறிக் கஞ்சிக்கோடு போனேன். அவர்களுடைய மேடத்தின் மேசையில் பொத்தல் தாளை வைத்தேன். “அந்தத் தம்பி எடுக்கலைங்க. நாந்தானுங்க.”

அனு முகம் செவந்துபோச்சு. எல்லார் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னால்தானே?

கோபிநாத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “உள்ள மொளைக்கறது கண்ணுக்கே தெரியாத முள்ளுங்க அம்மிச்சி. நீங்க கடப்பாறையையே எறக்கியிருக்கீங்க.”

மேடம் நோட்டை நீட்டினார். தாளை யார் தொட்டாலும் செய்ததை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். எழுதி என் பேரையும் போட்டேன்: “7. கருவேல முள். பொத்தல். செல்லாத்தாள்.”

திரும்பும் பஸ்ஸில் அனு வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

23-2, ஞாயிறு

புதிதாக எட்டுத் தாள். அனு என் முன்னால் எண்ணி, நோட்டில் என் கையெழுத்து வாங்கி, பெட்டியைப் பூட்டாமல் என்னிடம் விட்டுப் போனாள்.

நஞ்சப்பன் வேலிக்கு வந்தான். “என்னங்கக்கா, கையெழுத்தெல்லாம் போடறீங்க?”

“கம்பெனி வேலைப்பா. உனக்குச் சொன்னா வெளங்காது.”