மழை அளந்ததற்காகப் பூட்டப்பட்ட குப்பி

அனுப்புநர்:
டெய்சி (வயது 34), க/பெ பிராங்கிளின்,
நூற்பாலைத் தரப் பரிசோதகர்,
கிணற்றுமேட்டுத் தெரு, வேடசந்தூர்.

பெறுநர்:
செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம், வேடசந்தூர்.

பொருள்: சமுதாயக்கூடத்தில் அடைபட்டிருக்கும் என் மழைமானியை வியாழன் மாலைக்குள் விடுவிக்கவும், தினசரி மழையளவைப் பலர் அறிய எழுதிவைக்கவும் அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்குச் சீரியல் பார்க்கும் பழக்கமோ சீட்டுப் பிடிக்கும் பழக்கமோ கிடையாது. மழை அளப்பேன், அவ்வளவுதான். மொட்டைமாடியில் புனல் பொருத்திய ஒரு குப்பி வைத்திருக்கிறேன். தினமும் காலை எட்டரைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து நோட்டில் எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுவேன். பத்து ஆண்டுகளில் ஒரு நாளும் விட்டதில்லை. என் கல்யாணத்தன்றுகூடப் பட்டுச்சேலையோடு மாடியேறி, 11.2 என்று எழுதிய பிறகே மாதா கோயிலுக்குப் போனேன். மாப்பிள்ளை பத்து நிமிடம் காத்திருந்தார், இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

2. இதை ஒளித்ததுதான் என் தவறு. கிறுக்கு என்பார்களே என்று கூச்சப்பட்டு, கேட்டவர்களிடமெல்லாம் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போவதாகச் சொல்லிவந்தேன். எங்கள் மாடியில் செடியே இல்லை என்பதைத் தெருக்குழுத் தலைவர் பொம்மையன் அவர்கள் கவனித்துவிட்டார்.

3. சென்ற மாதம் 27ஆம் தேதி பக்கத்துத் தெருவில் வெளுத்து வாங்கிய மழை, எங்கள் தெருவில் தூறலோடு நின்றுவிட்டது. மறுநாள் காலை நான் குப்பியைக் கவிழ்த்ததைப் பார்த்த பொம்மையன் அவர்கள், "வர்ற மழைய இந்தப் புள்ள புட்டியில புடிச்சு, எண்ணி எண்ணிக் கீழ ஊத்துது. அப்பறம் நம்ம தெருவுல எப்பிடிய்யா மழ பேயும்?" என்று டீக்கடையில் கேட்டிருக்கிறார். குப்பியை அகற்றச் சொல்லும் மனுவில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். கடந்த சனிக்கிழமை மழைமானியைக் கழற்றிச் சமுதாயக்கூடத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

4. அன்று நான் கொட்டியது அறுபத்தெட்டு மில்லிலிட்டர். அரை டம்ளர்கூட இல்லை. பொம்மையன் அவர்கள் தம் பைக்கைக் கழுவ வாரந்தோறும் நான்கு குடம் ஊற்றுகிறார். அதனால் எந்த மேகமும் கோபித்துக்கொண்டதாக யாரும் மனுப் போடவில்லை.

5. மறுநாள் தெருக்கூட்டத்தில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். "மழைக்கிறுக்கு" என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் கையெழுத்திட்டவர்களில் பத்தொன்பது பேர் அன்று மாலையே எனக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். முதல் செய்தி பொம்மையன் அவர்களுடையது: "நாளைக்கி மக்காச்சோளம் காயப்போடுறேன். மழ வருமா? செத்த பாத்துச் சொல்லு." பொய் சொல்லி நனைய விட்டால் என்ன என்று ஒரு நொடி ஆசை வந்தது, ஐயா. ஆனால் மழை விஷயத்தில் நான் பொய் சொன்னதில்லை. வராது என்றேன், வரவில்லை.

6. சனிக்கிழமை முதல் பொட்டு மழையில்லை. கருவி இல்லாமலே 0.0 எழுதிவிட்டேன். ஆனால் வானிலை அறிக்கைப்படி வியாழன் மாலை மழைக்கு வாய்ப்பிருக்கிறது. அன்று குப்பி மாடியில் இல்லையென்றால் பத்தாண்டு நோட்டில் முதன்முறையாக ஒரு கட்டம் காலியாகிவிடும்.

7. பொம்மையன் அவர்களின் மனைவி சிவனம்மாள் நேற்று, "போயி எடுத்துக்க தாயி, அவரு கெடக்காரு" என்று சமுதாயக்கூடச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். நான் திறக்கவில்லை. ஒளித்து ஒளித்துச் செய்தது போதும். இனி எதுவானாலும் பட்டப்பகலில், நாலு பேர் முன்னால்தான்.

ஆகவே தாங்களே நேரில் வந்து, தெருவார் முன்னிலையில் மழைமானியை என்னிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். ரேஷன் கடைக்கு எதிரே ஒரு கரும்பலகை வைத்து, தினமும் மழையளவை எழுதி, அதன் கீழ் "அளந்தவர்: மழைக்கிறுக்கு டெய்சி" என்று கையெழுத்திடவும் அனுமதி தர வேண்டுகிறேன். நான்கு மணிக்குப் பிறகு வருவதானால் குடை கொண்டுவரவும்.

மழையையும் தங்கள் ஆணையையும் எதிர்நோக்கும்,
டெய்சி

இடம்: வேடசந்தூர்
நாள்: 14.10.2025

இணைப்பு:
அ. மழை நோட்டின் நகல்.
ஆ. மனுவை ஆதரித்து சிவனம்மாள் உள்ளிட்ட பத்தொன்பது பேரின் கையெழுத்து (பொம்மையன் அவர்கள் நீங்கலாக).
இ. சமுதாயக்கூடச் சாவி.