தேறிய வண்டியைத் திரும்ப அழைக்கக் கோரி

அனுப்புநர்
செடி விற்பனை நிலையத்தின் பங்குதாரரும்,
கீழே சொல்லப்படும் பிக்கப் வண்டி உரிமையாளரின் மனைவியுமான மனுதாரர்,
மேட்டுத் தெரு.

பெறுநர்
மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்கள்,
வாகனத் தகுதிச் சோதனைக் களம்,
போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: என் கணவரின் பிக்கப் வண்டிக்கு வழங்கப்பட்ட தகுதிச் சான்றை நிறுத்திவைத்து, வண்டியை லோடுடன் மறுசோதனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: கடந்த மாதம் 9-ஆம் தேதி தாங்கள் கையொப்பமிட்ட தகுதிச் சான்று. (அசல், எங்கள் வீட்டு முன்னறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டப்பட்டுள்ளது. அதற்கு இடம் விட்டு எங்கள் திருமணப் படம் சற்றுத் தள்ளிப் போயிருக்கிறது.)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தேறாத வண்டியைத் தேற வைக்கச் சொல்லித்தான் தங்களுக்கு மனுக்கள் வருமென்று நினைக்கிறேன். என் மனு தேறிய வண்டியை நிறுத்தச் சொல்லி வருகிறது. வழக்கத்துக்கு மாறானதுதான் என்றாலும், முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

1. மேற்படி வண்டிக்கு ஒன்பது வயது ஆகிறது. பூச்செடி, மரக்கன்று, மண் தொட்டி, உர மூட்டை என்று எங்கள் நிலையத்தின் பாரம் முழுவதையும் அதுதான் சுமக்கிறது. என் கணவர் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார் என்று சொன்னால் மிகையாகாது. வண்டிக்கு அடியில் உள்ள முக்கியமான ஒவ்வொரு நட்டின் மேலும், அது பிடித்திருக்கும் இரும்பின் மேலும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். நட்டு தானாகக் கழன்று திரும்பினால் கோடு விலகிவிடும், உடனே தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கோடுகள் எல்லாம் என் நகப்பூச்சு. நான் ஆசைப்பட்டு வாங்கிய புட்டியில் முக்கால் பாகம் வண்டிக்கு அடியில் இருக்கிறது.

2. எதற்கெடுத்தாலும் மனு எழுதுகிற பெண் என்று தாங்கள் என்னை நினைத்துவிடக் கூடாது. பிக்கப் வைத்திருப்பவர் எவருக்கும் வரக்கூடிய தொல்லைகளை நான் வாய் திறக்காமல் சரிசெய்தே வந்திருக்கிறேன். ஈரத் தொட்டிகளை ஏற்றி ஏற்றிப் பின்தளம் துருப்பிடித்தது. மூலைகளில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் துளைகள் மண்ணால் அடைபட்டிருந்ததே காரணம். ஒரு கம்பியால் குத்தி அவற்றைத் திறந்து, துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பெயின்ட் இரண்டு கை அடித்து, மேலே ரப்பர் விரிப்புப் போட்டேன். வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிக் காயவிடுகிறேன், இல்லாவிட்டால் விரிப்பே துருவை வளர்க்கும். காலையில் வண்டி இருமிக்கொண்டு கிளம்பாமல் நின்றபோது எல்லோரும் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, முனையை இறுக்கினேன். அதே பேட்டரிதான் இன்றும் ஓடுகிறது. கறுப்புப் புகை வந்ததற்கு ஏர் ஃபில்டரில் அரைக் கிலோ தோட்டத்து மண் இருந்ததே காரணம். இவற்றைத் தங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

3. கிளட்ச் இரண்டு ஆண்டுக்கு ஒன்று தேய்வதை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. ஓட்டும்போது என் கணவர் இடது காலை கிளட்ச் மேலேயே ஓய்வெடுக்க விடுகிறார். எடுத்துச் சொன்னால் அது காலின் எடை, தான் மிதிக்கவில்லை என்கிறார்.

4. இனி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு மாதத்துக்கு முன் வண்டியின் பின்பக்கம் லோடு ஏற்றினால் உட்கார ஆரம்பித்தது. தேய்ந்த ஸ்ப்ரிங் பட்டைகளை மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். என் கணவர் பழைய பட்டைகளோடு பக்கத்துக்கு இரண்டு கனத்த பட்டைகளைக் கூடுதலாகச் சேர்த்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வராமல், தன் கையாலேயே செய்தார். ஐந்தாவது ஞாயிறு வண்டி பின்பக்கம் நிமிர்ந்து நின்றது. அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரர் டேப் கொண்டுவந்து உயரம் அளந்தார். அன்று என் கணவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எங்கள் திருமணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. இதைப் பொறாமையில் சொல்லவில்லை.

5. இம்மாதம் 3-ஆம் தேதி காலை, என் கணவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் நான் வண்டியை எடுத்தேன். அனுமதித்த எடைக்கு உட்பட்டு அறுபது மண் தொட்டிகள் இருந்தன. மேட்டுத் தெரு இறங்கி முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம் இருப்பது தாங்கள் அறிந்ததே. அங்கே பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் அம்மா பலகையைத் தூக்கினார். நான் உரிய தூரத்திலேயே பிரேக்கை மிதித்தேன். வண்டியின் மூக்கு தரையைப் பார்த்துக் குனிந்ததே ஒழிய வேகம் குறையவில்லை. கைப் பிரேக்கையும் சேர்த்து இழுத்த பிறகே வண்டி நின்றது. முன் பம்பருக்கும் அந்த அம்மாவின் பலகைக்கும் நடுவில் ஒரு கை நுழையலாம். பிள்ளைகள் இன்னும் நடைபாதையை விட்டு இறங்கவில்லை என்பதை நினைத்து இன்றுவரை நன்றி சொல்கிறேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "போர்டுல நில்லுன்னுதான் போட்டிருக்கு, யோசிச்சு நில்லுன்னு இல்ல" என்று மட்டும் சொன்னார்.

6. வீட்டுக்கு வந்து சொன்னேன். "லோடு வண்டின்னா நாலடி தள்ளித்தான் நிக்கும், நீ முன்னாடியே மிதிக்கணும்" என்றார் என் கணவர். மறுநாள், எங்கள் தெரு மெக்கானிக்கிடம் காட்டினேன். எதைக் கேட்டாலும் அரை மணியில் முடித்துவிடலாம் என்பதால் அவரை ஊரே அரைமணி அண்ணன் என்றுதான் கூப்பிடும். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து எனக்கு விளக்கியதை அப்படியே தருகிறேன். பின் அச்சுக்கு மேலே ஒரு சிறிய பிரேக் வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்குப் போகிறது. லோடு ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் கம்பி நகர்ந்து, பாரம் இருக்கிறது என்று வால்வுக்குத் தெரிவிக்கும். வால்வும் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். கூடுதல் பட்டை போட்ட பிறகு எங்கள் வண்டி எவ்வளவு ஏற்றினாலும் தாழ்வதில்லை. ஆகவே அறுபது தொட்டி இருந்தாலும் வண்டி காலி என்றே வால்வு நினைக்கிறது. முன் பிரேக் மட்டும் தனியாக மல்லுக்கட்டுகிறது. கைப் பிரேக் இந்த வால்வு வழியாகப் போவதில்லை, அதனால்தான் அன்று நான் தப்பித்தேன்.

7. இதற்கான தடயம் எங்கள் கண்ணெதிரிலேயே இருந்தது. பட்டை சேர்த்த பிறகு முன் பிரேக் பேடு இரண்டு முறை தேய்ந்து மாற்றினோம். பின் பிரேக் ஷூவோ புதிது மாதிரியே இருந்தது. "பாத்தியா, நான் எவ்வளவு பக்குவமா ஓட்டுறேன்னு" என்று அதை எனக்குக் காட்டிப் பெருமைப்பட்டார். நானும் தலையாட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

8. சரிசெய்யும் வழி மிக எளிது. வண்டியின் புதிய உயரத்துக்கு ஏற்ப அந்தக் கம்பியின் நீளத்தை மாற்றி நட்டை இறுக்கி, லோடோடு ஒருமுறையும் காலியாக ஒருமுறையும் பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும். உண்மையாகவே அரை மணி நேர வேலை. 6-ஆம் தேதி, என் கணவர் முடி வெட்டப் போயிருந்த நேரத்தில், அண்ணனைக் கெஞ்சி அதைச் செய்யவும் வைத்தேன். அன்று மாலை வண்டி சொன்ன இடத்தில் நின்றது. மறுநாள் காலை என் கணவர் வழக்கம்போல் டார்ச்சோடு அடியில் படுத்தார். கம்பியின் நட்டில் சிவப்புக் கோடு விலகியிருப்பதைக் கண்டுபிடித்தார். நட்டு தானாகக் கழன்றுவிட்டது என்று பதறிப்போய், கோட்டுக்குக் கோடு நேராக வரும்வரை திருப்பிப் பழையபடியே இறுக்கிவிட்டார். பிறகு வெளியே வந்து, தன் கோடு மட்டும் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குப் பாடம் எடுத்தார். என் நகப்பூச்சே எனக்கு எதிரியாகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

9. உடனே உண்மையைச் சொன்னேன். அண்ணனும் வந்து சொன்னார். அதன் பிறகுதான் தங்கள் சான்று நடுவில் வந்தது. "ஆபீசரே பாத்து பாஸ் போட்ட வண்டி, அரைமணி அதுக்கு மேல பெரிய ஆளா?" என்று முன்னறையில் மாட்டிய கண்ணாடிச் சட்டத்தைக் காட்டுகிறார். அவர் அனுமதி இல்லாமல் இனி வண்டியில் கை வைக்க மாட்டேன் என்று அண்ணனும் ஒதுங்கிக்கொண்டார். தங்கள் மீது எந்தக் குறையும் சொல்லவில்லை ஐயா. சோதனைக்கு வண்டி காலியாக வந்தது, காலி வண்டி சரியாகவே நின்றது, தாங்களும் கண்டதற்குக் கையொப்பமிட்டீர்கள். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வண்டி காலியாக ஓடுவது தங்கள் களத்தில் மட்டும்தான்.

10. வருகிற 19-ஆம் தேதி புதன்கிழமை முதல், மருத்துவமனையின் புதிய தோட்டத்துக்கு நானூறு தொட்டிகள் கொண்டுபோக வேண்டும். நான்கு நாளைக்கு, நாளுக்கு இரண்டு நடை, முழு லோடோடு அதே இறக்கத்தில், அதே பள்ளிக்கூட வாசல் வழியாக. இடுப்பு சரியாகிவிட்டதால் தானே ஓட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பிள்ளைகள் நடக்கிற இடம் என்பதாலும், ஓட்டப்போவது என் கணவர் என்பதாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. எங்கள் நிலையத்து வாசலுக்குத் திரும்பி வந்ததும் இரண்டு முறை ஹாரன் அடிப்பது அவர் வழக்கம். 3-ஆம் தேதிக்குப் பிறகு, அவர் லோடோடு போனால் அந்தச் சத்தம் கேட்கும் வரை எனக்கு எந்த வேலையும் ஓடுவதில்லை. தண்ணீர்க் குழாயை ஒரே தொட்டியில் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். இந்த மாதம் நல்ல செடிகள் மூன்று வேர் அழுகிப் போனதற்கு அதுவே காரணம். செடிக்கு நோய் என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே ஐயா அவர்கள்,

(அ) 19-ஆம் தேதிக்கு முன் மேற்படி வண்டியை லோடுடன் வரவழைத்துப் பிரேக்கை மறுசோதனை செய்யுமாறும்,

(ஆ) அந்தக் கம்பி சரிசெய்யப்படும் வரை சான்றை நிறுத்திவைக்குமாறும்,

(இ) இயன்றால், பட்டை வேலை நன்றாக இருக்கிறது என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லுமாறும் கேட்டுக்கொள்கிறேன். வேலை நன்றாகவே இருக்கிறது. பட்டையைக் கழற்றச் சொன்னால் மனுஷர் உடைந்துபோவார். கம்பியை மட்டும் மாற்றினால் போதும்.

இம்மனு என் கணவருக்குத் தெரியாது. உத்தரவு வழக்கமான மறுசோதனை போல் வந்தால் எங்கள் வீட்டில் அமைதி நிலவும். என் மகள் இதை நேரில் கொண்டுவந்து தருவாள்.

தாங்கள் தேறவில்லை என்று எழுதப்போகும் ஒரே ஒரு தாளுக்காக, இப்போதே என் நன்றி.

நாள்: 14-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை
இடம்: மேட்டுத் தெரு

இங்ஙனம்,
(கையொப்பம்)
மனுதாரர்

இணைப்பு: தேய்ந்த முன் பிரேக் பேடுகள் இரண்டு ஜோடி, தேயாத பின் பிரேக் ஷூவின் புகைப்படம்.

(மேற்படி மனுவின் பின்பக்கத்தில், வேறு கையெழுத்தில்)

ஐயா,

கல்லூரிக்கு நேரமாகிவிட்டது, போகிற வழியில் இந்த உறையைக் கொடுத்துவிடுங்கள் அப்பா என்று மகள் என்னிடம் தந்தாள். உறை கனமாக இருந்ததாலும், உள்ளே பிரேக் பேடு வாசனை அடித்ததாலும் பிரித்துப் பார்த்தேன். மன்னிக்கவும்.

பத்தி 3-இல் கிளட்ச் பற்றிச் சொல்லியிருப்பது உண்மையல்ல. மற்றவை அனைத்தும் உண்மை. பத்தி 10-இல் உள்ள செடி விஷயம் எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் அது வேர் நோய் என்று நம்பி மருந்து வாங்கித் தெளித்தேன்.

17-ஆம் தேதி திங்கட்கிழமை காலை, அறுபது தொட்டியோடு வண்டியைத் தங்கள் களத்துக்குக் கொண்டுவருகிறோம். அதற்கு முன் அரைமணி கம்பியைச் சரிசெய்துவிடுவார். ஓட்டி வரப்போவது என் மனைவி. அவள் காலுக்கு நிற்கிறதா என்று பார்த்த பிறகு தாங்கள் கையொப்பமிட்டால் போதும். பழைய சான்றைச் சட்டத்திலிருந்து கழற்றி இத்துடன் வைத்துள்ளேன்.

அந்த நட்டின் மேலிருந்த கோட்டைத் துடைத்துவிட்டேன். வண்டிச் சாவி அவளிடம் இருக்கிறது. இந்த மனுவைப் பேருந்தில் வந்து தருகிறேன்.

(கையொப்பம்)
வண்டியின் உரிமையாளர்